ஊர்ப் பெயர் போட்ட மனு

ஆள் இல்லாத வீடுகளில் குழாயைத் திறந்துவிடுவதுதான் என் வேலை. சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். தேம்ஸ் கரையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதில் பாதி வீடுகள் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் பூட்டிவைத்தவை. குழாய்க்குள் தண்ணீர் தேங்கி நின்றால் கிருமி வளரும். அதனால் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய், ஒவ்வொரு குழாயையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தாளில் திகதியும் பெயரும் எழுத வேண்டும்.

மேற்பார்வை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை முதல் நாளே சொன்னார்: "பெரிய படிப்புப் படிக்க வந்தனீ. இஞ்ச உனக்குத் தேவையான படிப்பு, இடப்பக்கம் திருகினா திறக்கும், வலப்பக்கம் திருகினா மூடும். சோதினை கிடையாது."

அதே மாடிகளில் தூசு துடைக்க ஓர் அக்கா வருவார். ஆப்பிரிக்காவில் எண்ணெய் கொழிக்கும் ஒரு நாட்டுக்காரி. நாங்கள் பேசியது இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம்; என் நினைவில் அது தமிழாகவே கிடக்கிறது. 'அக்கா' என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுத்தபோது, "உன்னைவிடக் கிழவி எண்டு மரியாதையாச் சொல்லுறாய், என்ன?" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்.

அவருக்கு ஊரில் பதின்மூன்று வயதில் ஒரு மகள். அவளை இங்கே எடுக்க விசாவுக்குப் போட்டிருந்தார். வேலை நிரந்தரம் என்று கம்பனி கடிதம் கொடுத்தால்தான் விசா. அந்தக் கடிதத்துக்காகவே காய்ச்சலோடும் வேலைக்கு வருவார். அவர் ஊரின் நடுவால் எண்ணெய்க் குழாய் போகிறது, ஆறு முழுக்க எண்ணெய்ப் படலம். "எங்கட மீனைப் பொரிக்கத் தனியா எண்ணெய் வேண்டத் தேவையில்லை" என்பார். ஊரின் பெயரைச் சொல்லித்தான் எந்தக் கதையையும் தொடங்குவார். கட்டடத்தில் காவலாளி வரைக்கும் அந்தப் பெயர் பாடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோராம் மாடி வீட்டில் புதிதாக வந்திருந்த ஒரு கல்யாணப் படத்தைத் துடைத்தவர், துணியோடு அப்படியே நின்றார்.

"இவனை எனக்குத் தெரியும். எங்கட மாகாண ஆளுநர். அப்ப இந்த வீடு இவன்ர."

நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்திருந்தேன். அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கட ஊருக்குக் குழாய்த் தண்ணி தாறன் எண்டு வந்தவன். றிப்பன் வெட்டினான். குழாயைத் திறந்தான், தண்ணி வந்தது. நாங்கள் எல்லாரும் ஆடினம். பிறகு பாத்தா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு தண்ணி பவுசர் லொறி, குழாயோட பொருத்தினபடி நிக்குது. அவன் போக பவுசர் போச்சு. பவுசர் போக தண்ணியும் போச்சு."

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அதை மூடு தம்பி. நான் இந்த அறையைத் துடைச்சு முடிக்குமட்டும் மூடு."

மூடினேன்.

எனக்குக் கோபம் வந்தால் எழுத வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. பன்னிரண்டு வயதிலிருந்து ஊருக்கே நான்தான் மனு எழுதினேன். நின்றுபோன பஸ் ஒருமுறை என் மனுவால் திரும்பவும் ஓடியது. அன்றிலிருந்து இரண்டு விதிகளை வேதமாக நம்பினேன். ஊர்ப் பெயர் இல்லாத மனு குப்பைக்குப் போகும். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பிரதி அனுப்பாவிட்டால், பிறகு தெரியாது என்பார்கள்.

அக்காவிடம் கேட்கவில்லை. வெளிநாட்டு அரசியல்வாதிகள் களவுக் காசில் இங்கே வாங்கும் சொத்துகளை விசாரிக்கும் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். என் பெயரைப் போடப் பயம்; போடவில்லை. அவருடைய ஊர்ப் பெயரைப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற பவுசரையும் எழுதினேன். அடியில், பழக்கதோஷத்தில், 'பிரதி' என்று கோடிழுத்து, கட்டடத்தைப் பராமரிக்கும் எங்கள் கம்பனிக்கும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அக்காவைக் கூப்பிட்டு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டுக்காரர்களைப் பற்றி வெளியே பேசமாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் ஒப்பமிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். யார் எழுதியது என்று அவர்கள் தேடவே தேவையிருக்கவில்லை.

நான் அண்ணையிடம் ஓடினேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீயோ எழுதினனீ? பிரதி வேற போட்டனீயோ? கள்ளனைப் பற்றி எழுதின கடுதாசியைக் கள்ளன்ர வீட்டு வாட்ச்மேனுக்கும் அனுப்புவினமோடா?" பிறகு குரலைத் தணித்தார். "இப்ப போய்ச் சொன்னா உன்ர வேலையும் போகும், விசாவும் போகும். அவவைத் திருப்பி எடுக்கவும் மாட்டாங்கள். பேசாம இரு."

பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைத் தேடி, நான் குடியிருக்கும் மனோர் பார்க்குக்கே வந்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் எனக்கு எதிரே இருந்து, வேலைநீக்கக் கடிதத்தை மேசையில் விரித்தார்.

"நான் எழுதேல்லை எண்டு எழுதித் தா. நீ படிச்சவன். அவங்கள் நம்புற மாதிரி எழுது."

எழுதினேன். 'அந்த முறைப்பாட்டை எழுதியது நான் அல்ல' என்ற வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் கடிதம் வென்றிருக்கலாம். அந்த வரிக்கு என் பெயர் வேண்டும். பேனாவை மூடிவிட்டேன். அவர் விரல் வைத்து மெல்ல வாசித்து, "எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறாய்" என்றார். தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

பதில் இரண்டே வரியில் வந்தது: முடிவில் மாற்றமில்லை. கம்பனிக் கடிதம் இல்லாமல் மகளின் விசாவும் மறுக்கப்பட்டது. நான் எழுதிய அலுவலகத்திலிருந்து, கிடைத்தது என்ற தானியங்கிப் பதிலுக்கு மேல் இன்றுவரை ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் அக்கா ஒரு குரல் பதிவை அனுப்பினார். மகளுடையது. அம்மாவுக்காகக் கடிதம் எழுதின அண்ணாவுக்கு நன்றி என்று, பள்ளிக்கூட ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். பின்னால் வெறும் பிளாஸ்டிக் கலன்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம். தண்ணீர் வரிசையில் நின்று பேசியிருக்கிறாள்.

 

இந்தச் செவ்வாயும் பதினோராம் மாடிக்குப் போனேன். படம் சுவரில் ஏறியிருந்தது. சமையலறையில் ஒன்று, குளியலறைகளில் ஆறு, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு ஒவ்வொன்றாக மூடி, தாளில் திகதியைப் போட்டு, பக்கத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன்.