மூடுவிழா சாப்பிட்ட கடை

போன வாரம் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். இந்த ஊரில் காணாமல் போன ஹோட்டல்களைப் பற்றி வாராவாரம் எழுதுகிறார்களாம். யார் யாரோ பழைய போட்டோ அனுப்புகிறார்களாம். அந்தக் கடைக் காபி மாதிரி வருமா, இந்தக் கடை மாடியில் உட்கார்ந்து பேசின பேச்சு மாதிரி வருமா என்று ஒரே உருக்கமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது உருகுகிறவர்களில் பாதிப் பேர், அந்தக் கடைகளின் கடைசி வருஷத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இவர்கள் போயிருந்தால் அவன் ஏன் கடையை மூடப் போகிறான்? அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பாவம், வெயிலில் வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

அவள் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்க வந்திருந்தாள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பழைய சாமான் வியாபாரம் செய்தார். பேப்பர், பாட்டில் எடுக்கிற வியாபாரம் இல்லை. ஒரு ஹோட்டலை மூடுகிறார்கள் என்றால் மேஜை நாற்காலி, அடுப்பு, பாய்லர், சுவர்க் கண்ணாடி, கல்லாப் பெட்டி என்று மொத்தத்தையும் பெயர்த்துக் கொண்டுவந்து கிடங்கில் போடுவார். புதிதாகக் கடை திறக்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். முப்பத்தொரு வருஷம் இதே வேலை. ஹோட்டல்காரர்கள் வைத்த பெயர் மூடுவிழா. கல்யாணமான புதிதில் ஒரு ஆள் வாசலில் நின்று மூடுவிழா இருக்காரா என்று கேட்டான். அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை, அடுத்த தெருவில் விசாரித்துப் பார் என்று அனுப்பிவிட்டேன். அவர் சாயங்காலம் வந்து அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெயர் ஊர் பூராவும் பரவின கதையையும் அவர்தான் சொன்னார். பஸ் நிலையத்துக்கு எதிரே படிக்கட்டு ஏறிப் போகிற ஒரு காபிக் கடை இருந்தது. கோர்ட் குமாஸ்தாக்கள் மத்தியானம் பூராவும் அங்கேதான் கிடப்பார்கள். இவர் ஒருநாள் தாகத்துக்கு அங்கே போய் டீ குடித்திருக்கிறார். வெறும் டீதான். மறுநாள் சப்ளையர்களில் நாலு பேர் வேலைக்கு வரவில்லை, பால்காரன் முன்பணம் கேட்டிருக்கிறான். மூடுவிழா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார், கடை முடிந்தது என்று பேச்சு பரவிவிட்டது. முதலாளி எங்கள் வீடு தேடி வந்து, உங்க கால்ல வேணா விழறேன், எங்க கடைப் பக்கம் மட்டும் வராதீங்க என்று கெஞ்சினார். அந்தக் கடை அதற்குப் பிறகு எட்டு வருஷம் நன்றாகவே ஓடியது. யார் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அதிலிருந்து அவர் இந்த ஊரில் எந்தக் கடையிலும் உட்கார்ந்தது இல்லை. போனால் முதலாளியே தெருவுக்கு ஓடிவந்து, வேனுக்குப் பக்கத்திலேயே டம்ளரைக் கொடுத்துக் குடிக்க வைத்து அனுப்புவார். மரியாதை மாதிரித்தான் இருக்கும். நான் தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேன், அவர் வேனில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிடித்ததை முதலில் தொடமாட்டார். அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் முடித்து, கடைசியில் நிதானமாகச் சாப்பிடுவார். சின்னப் பிள்ளைப் புத்தி என்று நான் கேலி செய்வேன். ஒருமுறை வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அங்கே ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். நாற்காலியெல்லாம் தேக்கு, கண்ணாடி மட்டும் மட்டம் என்று என் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார். திருந்தாத ஜென்மம்.

ஒரு கடை மூடப் போகிறது என்பது முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில், எரியாமல் போன பல்பை மாற்ற மாட்டார்கள். அடுத்து, மேஜை துடைக்கிற துணி கந்தலாகும். கடைசியில் மேஜைமேல் இருக்கிற சர்க்கரைக் கிண்ணம் பாதிக்கு வந்துவிடும். சர்க்கரையில் கை வைத்தால் மிஞ்சிப் போனால் இரண்டு மாதம், அவ்வளவுதான் என்பார். இந்த மூன்றையும் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அவருக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா இல்லாமல் இவரே வளர்த்துக் கட்டிக் கொடுத்த பெண். என் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் ஒரு ஹோட்டல் வைக்கப் போகிறோம் என்று வந்து நின்றபோது இவர் கிடங்கையே திறந்துவிட்டார். கண்டதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. படிக்கட்டுக் கடையின் நீளமான சுவர்க் கண்ணாடி. சினிமா தியேட்டருக்குக் கீழே இருந்த கடையின் பளிங்கு வட்ட மேஜை. வேலைக்குப் போகிற பெண்கள் முதன்முதலில் துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் உட்கார்ந்து காபி குடித்தது அதில்தான். அச்சாபீஸ் சந்தில் இருந்த கடையின் மூலை மேஜை. இப்படி மூடின கடை ஒவ்வொன்றிலிருந்தும் நல்லதாகப் பொறுக்கி எடுத்து அந்த ஹாலை நிரப்பினார். ஒவ்வொன்றையும் அவரே துடைத்து, ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்துச் சரிபார்த்தார்.

கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. சாப்பாடு சுமார்தான், நான் பொய் சொல்வானேன். ஜனங்கள் தங்கள் மேஜையைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ரிட்டயரான ஒரு டைப்பிஸ்ட் அந்த மூலை மேஜையில்தான் உட்காருவார். அதன் விளிம்பில் ஒரு சிகரெட் சுட்ட கருப்பு. அது அவர் இருபத்தாறு வயதில் சுட்டது. தினமும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே டீ குடிப்பார். கல்யாணத்துக்கு முன்னால் திருட்டுத்தனமாகச் சந்தித்த ஒரு ஜோடி, பேரன் பேத்தியோடு வந்து பளிங்கு மேஜையைச் சுற்றி உட்காரும்.

வராத ஆள் ஒருவர்தான். திறப்பதற்கு முந்தின நாள் நாத்தனார் வீட்டுக்காரர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், தப்பா நெனைக்காதீங்க. எல்லாம் நீங்க குடுத்ததுதான். ஆனா உள்ள மட்டும் வந்து ஒக்காராதீங்க" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, அது எனக்குத் தெரியாதா மாப்ள என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். வீட்டில் நான் ஆடின ஆட்டம் எனக்குத்தான் தெரியும். வளர்த்த அண்ணனை வாசலோடு அனுப்புகிறாள், நீங்களும் பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறீர்களே என்று கத்தினேன். அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பதினாலு வருஷம். எதிர் நடைபாதையில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பார், வருவார். டைப்பிஸ்ட் மேஜைக்குக் கால் ஆடுது, அட்டை வைக்கச் சொல்லு என்பார். நான் போன் செய்து சொல்வேன். அவருக்கு ஆசை இருந்தது. வேறு எதற்கும் ஆசைப்பட்ட மனுஷன் இல்லை. தங்கச்சி கடையில், தான் துடைத்துப் போட்ட மேஜையில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும் என்கிற அந்த ஒன்றுதான். வாய்விட்டு ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் படுத்திருந்தபோது சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை நாத்தனார் போன் செய்தாள். புதன்கிழமை மத்தியானம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாங்க அண்ணி, உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாள். அவள் வீட்டுக்காரரே கூப்பிடச் சொன்னாராம். நான் சொன்னதும் இவர், மாப்ளையா சொன்னார் என்று இரண்டு தரம் கேட்டார். செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொண்டார். புதன்கிழமை காலையில் டிபன் பாக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டையை அவரே இஸ்திரி போட்டார். இப்போதாவது இவர்களுக்குப் புத்தி வந்ததே என்று நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளே போனதும் நாத்தனார் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் டைப்பிஸ்ட்டின் மூலை மேஜையைப் பார்த்தார், அன்றைக்கு அது காலியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை விடவில்லை. நடு ஹாலில், சமையல்கட்டுக் கதவுக்கு நேர் எதிரே இருந்த பளிங்கு மேஜையில்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிப் போனார். எனக்கு அதில் பெருமைதான். நடு மேஜை என்றால் சும்மாவா?

நாத்தனார் தன் கையாலேயே பரிமாறினாள். சோறு, குழம்பு, கீரை, பெரிய துண்டாக வறுத்த மீன். இவர் மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டுவந்த சப்ளையர் இவர் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை வைக்காமலேயே திரும்பி உள்ளே போனார். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

மாஸ்டர் வெளியே வந்தார். பதினொரு வருஷமாக அங்கே சமைக்கிறவர். அதற்கு முன்னால் அவர் வேலை பார்த்த இரண்டு ஹோட்டல்களையும் காலி செய்தது என் வீட்டுக்காரர்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு எதிரே நின்றார். அவர் பின்னாலேயே எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எந்தத் தேதின்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

"நான் சாப்பிட வந்தேன் மாஸ்டர்."

"நீங்க எந்தக் கடையில சாப்பிட்டிருக்கீங்க?"

இவர் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் வீட்டுக்காரர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நாத்தனார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே வரிசையாக மூன்று பல்பு எரியவில்லை. சர்க்கரைக் கிண்ணம் பாதிதான் இருந்தது. எதற்காக நடு மேஜை என்று எனக்கு உறைத்தது.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, நீங்க வாயத் தொறந்து சொல்ல வேண்டியத எம் புருஷன ஒக்கார வெச்சு சொல்லிட்டீங்க."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல தங்கச்சி" என்றார் அவர், பேனாவைப் பார்த்துக்கொண்டே. "பதினோரு குடும்பம். யார் மொகத்தப் பாத்தும் வாய் வரல."

நாத்தனார், நான் சாப்பிடத்தான் கூப்பிட்டேன் அண்ணே என்று அழுதாள். அது பொய்யாக இருக்காது. அவளுக்கு அண்ணன்மேல் பாசம் உண்டு. ஆனால் கடை போகிற விஷயம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இவர் ஒருவர்தான் சத்தம் போடாமல் இருந்தவர். சாவி எப்போது கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாதக் கடைசி என்று பதில் வந்தது. கட்டடத்தை இடிக்கிறார்களாம். இவர் மாஸ்டர் பக்கம் திரும்பி, "மாசக் கடைசி மாஸ்டர். இப்பவே வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க எல்லாரையும்" என்றார். மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் மேஜைமேல் போட்டுவிட்டு உள்ளே போனார். இவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். எப்போது தெரியும் என்று கேட்டேன். உள்ளே கால் வைத்ததுமே பல்பைப் பார்த்துவிட்டாராம். தெரிந்துமா போய் உட்கார்ந்தீர்கள், அங்கிருந்தே திரும்பியிருக்கக் கூடாதா என்று நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"கூப்பிட்டாளே" என்றார்.

மாதக் கடைசியில் அவரே போய்க் காலி செய்தார். கடைசி நாளில் பழைய ஆட்கள் பலர் வந்து தங்கள் தங்கள் மேஜையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். டைப்பிஸ்ட் மட்டும் வேன் வரைக்கும் கூடவே வந்து, இந்த மேஜை எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். பளிங்கும் தேக்கும் இப்போது யாருக்கு வேண்டும்? எல்லாம் கிடங்கிலேயே கிடந்தன. அவர் போன பிறகு நான் எடைக்குப் போட்டேன்.

பத்திரிகைப் பெண்ணிடம் இதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. ஊரில் இருந்த ஹோட்டலுக்குள் எல்லாம் போய் வந்தவராச்சே, அவருக்குப் பிடித்தது எந்தக் கடைச் சாப்பாடு என்று கேட்டாள். நாத்தனார் கடைப் பெயரைச் சொன்னேன். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டாள். வறுத்த மீன் என்றேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். அதைக் கடைசியில் சாப்பிடலாம் என்று அவர் தட்டோரம் ஒதுக்கி வைத்திருந்தார் என்பதை அவளிடம் சொல்லவில்லை.