ஈரத்தலைக்கென்று எடுத்துவைத்த சிலிண்டர்

என் தம்பியைப் படகுத்துறையில் எல்லோரும் ஈரத்தலை என்றுதான் கூப்பிடுவார்கள். படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை அறுத்து எடுப்பதும் அவன் தொழில். அவன் தலைமுடி காய்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில்கூட அப்போதுதான் கரையேறி வந்தவன் மாதிரி நிற்பான்.

அவனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. அவனை ஆளாக்கியவனே நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பட்டறையில் கூட்டிப் பெருக்கி, அடுத்தவன் கையைப் பார்த்தே தொழிலைப் பிடித்து, இன்று சொந்தப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். ரெகுலேட்டர் என்றால் இந்தக் கரையில் என்னைத்தான் கைகாட்டுவார்கள். சிலிண்டரில் அடைத்த காற்று ஆளைத் தூக்கி அடிக்கிற வேகத்தில் வரும். அதை அடக்கி, மனிதன் வாய்க்குத் தகுந்த மூச்சாகக் கொடுப்பது ரெகுலேட்டர். நான் அதைப் பிரித்து, உப்பை ஊறவைத்துக் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றிப் பூட்டிக் கொடுத்தால், தண்ணீருக்கு அடியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

தம்பிக்குச் சொந்த ரெகுலேட்டர் உண்டு. அது என் கைவேலை. சிலிண்டர் மட்டும் வாடகைக்கு. வாடகைச் சிலிண்டரில் எவன் என்ன கழிசடையை விட்டுவைத்தான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மாட்டுவதற்கு முன் வால்வை லேசாகத் திறந்து, வெள்ளைத் துணியில் காற்றைப் பிடித்து, கறை தெரிகிறதா, எண்ணெய் வாடை வருகிறதா என்று பார்ப்பான். நான் சொல்லிக் கொடுத்த வழக்கம். பார்த்துவிட்டு, வாடகைக்கு விடுகிற சிலிண்டர்காரனை வம்புக்கும் இழுப்பான்.

“என்னடா மாப்ள, காத்தோட சேத்து வெங்காயமும் வதக்கி அடைச்சிருக்கியா?”

“ஆமா, தொரைக்குப் பன்னீர் தெளிச்சு அடைக்கணும். போடா, போய் முழுகு.”

ரெண்டு பேரும் நகமும் சதையும்.

ஒரு பகல் வேளை, கழுத்தளவு தண்ணீர்கூட இல்லாத இடத்தில், ஒரு படகுக்கு அடியில் போனான். கொஞ்ச நேரத்தில் சுரண்டும் சத்தம் நின்றது. படகுக்காரர் பலகையைத் தட்டிப் பார்த்தார். பதில் தட்டு வரவில்லை. இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை.

காரியமெல்லாம் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது மட்டும் தெரிகிறது. சோறு போட்டால் சாப்பிட்டேன். படகுத்துறையில் பேச்சு கிளம்பிவிட்டது. அண்ணன் பூட்டிக் கொடுத்ததுதான் தம்பியை வாரிக்கொண்டு போனதாம். அது காதில் விழுந்தும் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு ஒரு காலையில் தம்பி மனைவி ஒரு பிளாஸ்டிக் பையோடு பட்டறைக்கு வந்தாள். உள்ளே அவனுடைய ரெகுலேட்டர்.

“மாமா, இதப் பிரிச்சுப் பாருங்க.”

“இப்ப எதுக்கும்மா?”

“உங்க கை தப்பா, காத்து தப்பான்னு எனக்குத் தெரியணும். எதுவா இருந்தாலும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிடுங்க.”

“என் கை தப்புப் பண்ணாதும்மா.” வாய் தானாகச் சொன்னது.

“அப்பப் பிரிக்கிறதுக்கு என்ன?”

அவள் சொல்லி அனுப்பியிருந்ததால் சிலிண்டர்காரனும் வந்தான். அன்றைக்குத் தம்பி மாட்டிப்போன அதே சிலிண்டர் அவன் தோளில் இருந்தது. இறக்கிவைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான்.

மேசையில் துண்டை விரித்துப் பிரித்தேன். குழாய் சுத்தம். வளையங்கள் நான் போட்டது போட்டபடி. உள்ளே இருக்கும் அடைப்பானில் ஒரு கீறல் இல்லை. இந்தக் கரையில் எவன் வேலை இப்படி இருக்கும்? ஆனால் பெருமை வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை.

கடைசியாக, காற்று நுழைகிற வாயில் இருக்கும் வடிகட்டி. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அது பச்சையானால் உப்புத்தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்தால் காற்றடிக்கிற கம்ப்ரசரின் எண்ணெய். சிவந்தால் சிலிண்டரின் உள்வயிறு துருப்பிடித்திருக்கிறது. நான் புதிதாகப் போட்ட வடிகட்டி, செங்கல் தூளில் புரட்டியது மாதிரி இருந்தது.

சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து வால்வைத் துளி திறந்தேன். துரு கலந்த தண்ணீர் துப்பியது.

“இருக்காதுண்ணே!” என்றான் சிலிண்டர்காரன். “மத்ததெல்லாம் கண்டவன் கை பட்டது. இது ரொப்பி வச்சதுக்கப்புறம் நான் யாருக்குமே குடுக்காதது. மோந்து மோந்து பாத்து நக்கல் பண்றானேன்னு, நல்லதா ஒண்ணு ரொப்பி, அவனுக்குன்னு தனியா வச்சேன். சீசன் பூரா மூலையில நின்னுச்சு. அன்னிக்கு மத்ததெல்லாம் வாடகைக்குப் போயிருச்சு. இந்தா, உனக்குன்னே வச்சதுடான்னு குடுத்தேன்.”

“துணியப் புடிச்சுப் பாத்தானா?”

“எடுத்தான். ‘தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா’ன்னு சிரிச்சுட்டு, துணிய இடுப்புலயே சொருகிட்டான்.”

“நீ ரொப்புறதுக்கு முன்னாடி உள்ள பாத்தியா?”

அவன் யோசித்தான். “அதுக்கு முன்ன எடுத்துட்டுப் போனவன் தண்ணிக்குள்ளயே சுத்தமாக் காலி பண்ணி, வால்வத் தொறந்தபடி கொண்டாந்து போட்டான். நான் துடைச்சுட்டு ரொப்பிட்டேன்.”

காலியான சிலிண்டருக்குள் கடல்தண்ணீர் போயிருக்கிறது. மேலே காற்றை அடைத்தாயிற்று. தினமும் புழங்கும் சிலிண்டரில் காற்று மாறிக்கொண்டே இருக்கும். இது அசையாமல் நின்றது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். காற்றளவு காட்டும் முள் நிறைந்திருப்பதாகவே காட்டும். வாடை வராது. மூச்சுக்கூட முட்டாது, தூக்கம் வருவது மாதிரிதான் போகும். இதை அவர்கள் இருவருக்கும் சொன்னேன். பாடம் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னேன்.

சிலிண்டர்காரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். “நாலு அறை அறைஞ்சுடுங்கண்ணே.”

என் கை மேசையிலேயே கிடந்தது.

“அப்ப உங்க கை இல்ல,” என்றாள் தம்பி மனைவி.

“இல்லம்மா.”

“சரி.”

மனசு லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. அவள் கொஞ்ச நேரம் சிலிண்டரையே பார்த்தாள். பிறகு சிலிண்டர்காரன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இந்த மாதிரி சும்மா நிக்கிறது உங்ககிட்ட வேற இருக்கா?”

“பின் அறையில இருக்கும்மா.”

“எந்திரிங்க.”

மூவரும் அவன் கடைக்குப் போனோம். சிலிண்டர்களை முற்றத்துக்கு உருட்டி வந்து, ஒவ்வொன்றாக வால்வைத் திறந்துவிட்டோம். அந்த இரைச்சலில் ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்காது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்களிடம், தம்பி எதனால் செத்தான் என்பதைச் சிலிண்டர்காரனே வாசலுக்குப் போய் ஒளிக்காமல் சொன்னான்.

இரைச்சல் அடங்கியதும் தம்பி மனைவி ஒரு சிலிண்டரைக் கையால் தட்டினாள்.

“உள்ள பாக்கணும்ல மாமா?”

“பாக்கணும்.”

வால்வைக் கழற்ற ஸ்பேனர் எடுத்துவரப் பட்டறைக்கு நடந்தேன்.