நிறையாத குழி

எங்கள் ஊர் தீவு. ஆறு கிடையாது, கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு குழி. அது நிறைந்தால் ஊர்காவற்றுறையிலிருந்து பவுசர் வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அன்றைக்கு ஒழுங்கைச் சனம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு திரியும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வந்ததே இல்லை.

எண்பதுகளின் நடுவில், வெளிநாடு போன அண்ணை அனுப்பின முதல் காசில் ஐயா கட்டினது அந்தக் கக்கூஸ். வீட்டுக்கும் எங்கள் கிணற்றுக்கும் தூரமாக, வளவின் கடைசி மூலையில். குழி வெட்டினவர்கள் அலவாங்கால் கல்லை உடைக்க, அடியில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் நிற்கவில்லை. ஐயாவுக்குச் சந்தோசம், புளுகம் தாங்கவில்லை. பிறகு பவுசர் ஒழுங்கைக்குள் வந்தால் படலையில் நின்று சாரதியைப் பகிடி பண்ணுவார்.

"தம்பி, இஞ்சை உமக்கு வேலையில்லை. எங்கட வீட்டில ஆரும் கக்கூசுக்குப் போறேல்லை."

எனக்குத்தான் மனம் கேட்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எதையாவது நினைத்து நெஞ்சிடிப்பதுதான் என் உத்தியோகம் என்று அம்மா சொல்லுவா.

"ஐயா, அப்ப அது எங்கை போகுது?"

"கடலுக்குப் போகுது. உனக்குக் கணக்குக் காட்டோணுமோ?"

எங்கள் கிணறு உவர். குளிக்க, கழுவத்தான் உதவும். குடிக்கிற தண்ணீர் பின்வளவில் இருக்கிற அயல்வீட்டு அக்காவின் கிணற்றில். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் குனிந்து போய் அள்ளிவருவோம், கேட்கவே தேவையில்லை. என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்கும் அந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணீர்.

அந்த வருச மாரி மழைக்குள் அக்காவின் சின்னவளுக்கு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியால் வந்து சுகம் என்று நினைக்க, திரும்பவும் தொடங்கியது. நான் அள்ளப் போன நேரம் பிள்ளை துவண்டுபோய் அக்காவின் தோளில் கிடந்தது. கிணற்றடியில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு மேலால் எங்கள் கக்கூசின் தகரம், கைக்கெட்டும் தூரத்தில். எங்கள் கிணற்றுக்குத் தூரம் பார்த்த நாங்கள் மற்றப் பக்கம் பார்க்கவில்லை.

ஐயாவின் வேட்டிக்குப் போடுகிற நீலம் ஒரு பக்கற் இருந்தது. முழுவதையும் கரைத்துக் கக்கூசுக்குள் ஊற்றி, மேலால் தண்ணீரும் ஊற்றினேன். அக்காவின் கிணற்றில் ஒன்றும் வராது, நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வரவும் இல்லை. அதற்கடுத்த நாள் காலமை அக்கா பொட்டடியில் நின்று கூப்பிட்டா.

"பிள்ளை, ஓடி வா! ஆரோ உங்கட ஐயாவின்ர வேட்டியை என்ர கிணத்துக்குள்ள அலசிப்போட்டினம்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. வாளித் தண்ணீரில் மெல்லிய நீலம்.

நீலத்தை எங்கே ஊற்றினேன் என்று மட்டும் சொன்னேன். மிச்சம் அவவுக்கு விளங்கிவிட்டது. தகரத்தைப் பார்த்தா. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா. ஏசப்போறா என்று நின்றேன்.

"ஐயோ பிள்ளை, நல்ல தண்ணி எண்டெல்லே உங்களுக்கும் தந்தனான். உன்னைப் பாக்க வந்த சனத்துக்கும் இதைத்தானே குடுத்தது."

அவ எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றா. நாலு பேர் பார்க்க ஏசியிருந்தாலும் எனக்கு அவ்வளவு வெட்கமாய் இருந்திராது.

விசயம் கேட்டதும் ஐயா கக்கூஸ் கதவுக்கு ஆணி அடித்தார். மெசின் கொண்டுவந்து அக்காவின் கிணற்றை இறைத்தார். நிறம் போனது. ஆனாலும் அதைக் குடிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. ஒரு இடுப்பில் குடமும் மற்ற இடுப்பில் பிள்ளையுமாய்ப் பொதுக்கிணற்றுக்கு நடந்தா. பிள்ளை மெல்ல மெல்லத் தேறியது. நாங்களும் அதே கிணற்றுக்குத்தான் போனோம். அக்கா போய்த் திரும்பிவிட்டாவா என்று பார்த்துவிட்டுத்தான் அம்மா என்னை அனுப்புவா.

வேலிப் பொட்டை அக்கா அடைக்கவில்லை. கிடுகு வைத்துக் கட்டி அடைத்தது நாங்கள்தான்.