றமேஸ் வெளியே வந்த காரணம்

பலேர்மோ நகரின் ஒரேத்தோத் தெருவில் ஆறு கட்டடங்களின் படிகளைக் கழுவித் துடைப்பது பூபாலசிங்கத்தின் வேலை. வன்னியிலிருந்து வந்த நாள் தொடக்கம் பதினைந்து வருடமாக அதே வாளியும் அதே படிகளும்தான். வயது ஐம்பத்தேழு. சீனி வருத்தமும் முழங்கால் நோவும் இருந்தன. யாரோடும் முரண்டு பிடிக்கத் தெரியாத மனிதர். மாடிவீட்டு இத்தாலியச் சின்னோரா ஒருத்தி கழுவின படியில் நாயோடு நடந்து போனாலும், பேசாமல் திரும்பத் துடைப்பார்.

மருமகன் யூட் வேறு மாதிரி. பலேர்மோவிலேயே வளர்ந்தவன், இத்தாலிக் குடியுரிமை உள்ளவன், துறைமுகத்தில் கப்பல் இயந்திரம் திருத்துகிறவன். கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து பழகித் துவக்கு அனுமதி எடுத்து, ஞாயிறுகளில் முயல் சுடப் போவான். ஒரு மான் சுட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதற்குக் கடல் கடந்து வடக்கே தொஸ்கானா மலைப்பக்கம் போக வேண்டும். அங்கே தனியார் வேட்டைக்காடுகள் இருக்கின்றன. முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போனால் காட்டுக்காவலர் ஒருவர் இடம் காட்டுவார். நவம்பர் தொடக்கத்தில் லீவு நாட்கள் சேர்ந்து வந்தபோது, "எல்லாருமாப் போவம் மாமா" என்றான்.

பூபாலசிங்கத்துக்குத் துவக்குச் சத்தம் கேட்கிற இடத்துக்குப் போக மனமில்லை. ஆனால் மகள் பிரசாந்தினி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் குளிர்நாட்டு மலையைப் பார்க்க ஆசை. மனைவி தங்கேஸ்வரி மகளைத் தனியே விடமாட்டாள். அவர்களுடைய கட்டடத்திலேயே கீழ்மாடியில் குடியிருந்த றமேஸும் மனைவி விஜிதாவும் ஒன்பது வயது மகளோடு வருவதாகச் சொன்னார்கள். றமேஸ் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்கடையில் நின்றவன். கிளிநொச்சிப் பக்கம். சொந்தமில்லை, ஆனால் சொந்தத்துக்கு மேலே. பூபாலசிங்கம் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்ட மாதம் முழுக்க, சந்தை முடிந்து வந்து அவருடைய படிகளையும் சேர்த்துக் கழுவினவன் அவன்தான்.

இரவல் வாங்கின வான் வண்டியோடு ஏழு பேரும் நாப்போலிக் கப்பலில் ஏறினார்கள். அடுத்த நாள் பின்னேரம் மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கல்வீடு ஒன்று, அதைச் சுற்றிச் செஸ்நட் மரங்கள். சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. காட்டுக்காவலர் மெலிந்த, உரத்துக் கதைக்கிற மனிதர். மேசையில் வரைபடத்தை விரித்து, பரண் இருக்கும் இடத்தைக் காட்டினார். பரணுக்குப் போவது யூட்டும், அவன் துணைக்குக் கேட்டபோது மறுக்கத் தெரியாத பூபாலசிங்கமும். அவர்கள் மட்டும் செம்மஞ்சள் மேலங்கி போட வேண்டும். மற்றவர்கள் காலை ஒன்பது மணி வரைக்கும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. யூட் அதைத் தமிழில் எல்லாருக்கும் இரண்டு தரம் சொன்னான்.

"நான் படுத்தெழும்பவே ஒன்பதாகும்," என்று றமேஸ் சிரித்தான்.

விடியப்புறம் புறப்படும்போது யூட் வீட்டு முன்பக்கம் போய் வான் வண்டிக்குள் எதையோ எடுத்துக்கொண்டிருந்தான். பூபாலசிங்கம் குசினி வாசலில் சப்பாத்துப் போட்டார். றமேஸ் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன், அவரைப் பார்த்து நின்றான்.

"குளிருதே அண்ணை?"

"பல்லுக் கிட்டுது. ஏழு மணிக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வாவன். பின்பக்கத்துப் பாதையாலை வா, கிட்டத்தான். யூட்டுக்குச் சொல்லாதை, கத்துவான்."

"ஓம் அண்ணை, கொண்டு வாறன்."

அவ்வளவுதான் அவர்கள் கதைத்தது.

காவலர் இருவரையும் பரணில் ஏற்றி இருத்திவிட்டு, மலையின் மற்றப் பக்கம் வேறு ஆட்களை இருத்தப் போனார். பரணுக்கு முன்னால் வெட்டவெளி. அதன் ஓரமெல்லாம் இடுப்பளவு உயரப் பன்னச் செடிகள். வெளிச்சம் வரவர மூடுபனியும் இறங்கியது. ஆறரைக்கு மரங்கள் தெரிந்தன, பிறகு அவையும் தெரியவில்லை. யூட் துவக்கை மரச்சட்டத்தில் சாய்த்து வைத்து மூச்சுக்கூட விடாமல் இருந்தான். அவன் அத்தனை அமைதியாய் இருந்து பூபாலசிங்கம் ஒருநாளும் கண்டதில்லை.

இடப்பக்கம் பன்னம் அசைந்தது.

"மாமா," என்றான் யூட், உதட்டால் மட்டும். "மான்."

பூபாலசிங்கம் பார்த்தார். மூடுபனியும், அதற்குள் ஆடுகிற இலைகளும்தான் தெரிந்தன. பாதை பின்பக்கம் அல்லவா, இது இடப்பக்கம் என்று ஒரு எண்ணம் ஓடியது. மணி என்ன என்று இன்னொரு எண்ணம். 'பொறு' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், தேத்தண்ணி கேட்டதையும் சொல்ல வேண்டும். மருமகன் முன்னால் அந்தச் சின்ன வெட்கம் அவருடைய வாயை ஒரு விநாடி கட்டிப்போட்டது. அந்த விநாடியில் துவக்கு வெடித்தது.

முதலில் யூட்தான் இறங்கி ஓடினான். பூபாலசிங்கம் ஏணியில் பாதி இறங்கும்போதே அவன் கத்தின கத்தலில் விளங்கிவிட்டது. றமேஸ் பன்னத்துக்குள் மல்லாந்து கிடந்தான். மண்ணிறச் சட்டை. நெஞ்சுக்குக் கீழே பட்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அது ஒருவரையும் பார்க்கவில்லை. மூடுபனியில் பாதையைத் தவறவிட்டுச் சுற்றி வந்திருக்கிறான். பூபாலசிங்கம் தன் மேலங்கியைக் கழற்றிக் காயத்தில் அமத்திக்கொண்டு, "றமேஸ், றமேஸ்" என்று கூப்பிட்டார். வன்னியில் கடைசி மாதங்களில் இப்படி எத்தனை பேரை அமத்திப் பிடித்தவை அந்தக் கைகள். எப்போது கையை எடுக்கலாம் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

யூட் பக்கத்தில் முழங்காலில் நின்றான்.

"நான் மானைக் கண்டனான் மாமா. கண்டனான்தானே? நீங்களும் கண்டனீங்கள்தானே?"

பூபாலசிங்கம் அவனுடைய முகத்தைப் பார்த்தார். மகளின் வயிற்றை நினைத்தார்.

"ஓம்," என்றார்.

கராபினியேரிப் பொலிசார் வந்து தனித்தனியாகக் கேட்டபோதும் அதே 'ஓம்' தான். மான் நின்றது. யூட் பார்த்துத்தான் சுட்டான். றமேஸ் வெளியே வரக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. அவன் ஏன் வந்தான் என்று தெரியாது. எல்லாவற்றையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தேத்தண்ணியோடு ஒரு தெர்மோஸ் போத்தல் பன்னத்துக்குள் கிடந்ததை அவர்கள் எடுத்தார்கள். தனக்குக் குடிக்கக் கொண்டுபோயிருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிரேத பரிசோதனை முடிய எட்டு நாளாயிற்று. அங்கேயே எரித்து, சாம்பலோடு பலேர்மோவுக்குத் திரும்பினார்கள். கப்பலில் விஜிதா சாம்பல் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தாள்.

றமேஸின் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோனார்கள். செத்தவன்மேல் அன்பு உள்ளவர்கள்தான். ஆனாலும் படியில் இறங்கும்போது அவர்கள் கதைத்தது பூபாலசிங்கத்துக்குக் கேட்டது. "இரண்டு தரம் சொல்லியிருக்கு, வெளிக்கிடாதை எண்டு." "அவனுக்கு எல்லாம் விளையாட்டு." சுவாம்பிள்ளை என்ற முதியவர், நல்ல மனிதர், விஜிதாவின் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "விதி பிள்ளை. தன்ரை காலாலை நடந்து போயிருக்கிறான்."

எல்லாரும் போன பிறகு விஜிதா மாடியேறி வந்தாள். தங்கேஸ்வரி கடைக்குப் போயிருந்தாள். பூபாலசிங்கம் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் அதில் இருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் அவரைக் கடைசியாக் கண்டனீங்கள். ஏதும் சொன்னவரே?"

"ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை."

"அவர் சொல்லுக் கேக்கிற மனுசன். கடையிலை முதலாளி நில் எண்டால் பின்னேரம் மட்டும் நிப்பார். ஏன் அண்ணை வெளியிலை வந்தவர்? மகள் கேக்கிறாள். பள்ளிக்கூடத்திலையும் ஆரோ கேட்டவையாம். நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "தெரியேல்லை," என்றார்.

அவள் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு பூபாலசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய தம்பி பத்மநாதன் 2009 வைகாசியில், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனோடு அருகில் நடந்து வந்த ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். பூபாலசிங்கம் அவருக்கு நான்கு தரம் போன் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் அந்த மனிதர், "எனக்கு ஞாபகம் இல்லை, தெரியேல்லை" என்றார். அந்தக் குரலில் பொய் இருந்தது பூபாலசிங்கத்துக்குத் தெரியும். அந்தாளை அவர் இத்தனை வருடமாக மனத்துக்குள் திட்டாத நாள் இல்லை. இப்போது தன் வாயிலும் அதே சொல், அதே குரல். வாளியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடியில் நின்றபோது அது அவருக்கு உறைத்தது. அப்படியே படியில் இருந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள் காலையில் கீழ்மாடிக் கதவைத் தட்டினார். விஜிதா படையலுக்குப் பருப்பு ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"பிள்ளை, நான் சொல்லுறதை முழுக்கக் கேள். பிறகு என்னை என்ன வேணுமெண்டாலும் செய்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தேத்தண்ணி கேட்டதை. யூட்டுக்குச் சொல்லாதே என்றதை. மானை ஒருவரும் காணவில்லை என்பதை. இலைதான் ஆடியது என்பதை. தனக்கு ஒரு எண்ணம் வந்தும் வாய் திறக்காமல் இருந்ததை. அழாமல் சொன்னார், அழுதால் அவள் தன்னைத் தேற்ற வேண்டி வந்துவிடும் என்று பயந்தார்.

விஜிதா சட்டியை மூடினாள். கையைத் துடைத்தாள். 

"அப்ப அவர் உங்களுக்காண்டித்தான் வந்தவர்."

"ஓம்."

"முப்பது நாள், அண்ணை. முப்பது நாளும் எங்களோடை இருந்தனீங்கள். என்ரை கையாலை தேத்தண்ணியும் குடிச்சனீங்கள். சனம் அவரை விசரன் எண்டு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

அவள் கதவைத் திறந்து பிடித்தாள்.

"போங்கோ," என்றாள். "நாளைக்கு வராதேங்கோ."

அவர் நேரே மகள் வீட்டுக்குப் போனார். யூட் வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தான். அந்த மாதத்தில் பாதி ஆளாகிவிட்டான். பூபாலசிங்கம் சொன்னதைக் கேட்டு எழுந்து இருந்தான்.

"ஆள் வரும் எண்டு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லேல்லையா?"

"தெரியும். பொலிசிலை அதையும் சொல்லத்தான் போறன். உன்ரை பிழை உன்னோடை, என்ரை பிழை என்னோடை. ரெண்டையும் சேத்து அவன்ரை தலையிலை போட ஏலாது."

யூட் முகத்தை மூடிக்கொண்டான். சண்டை பிடித்தவள் பிரசாந்தினிதான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வயிறு முன்னுக்குத் தள்ள.

"செத்தவர் திரும்பி வருவாரே அப்பா? இருக்கிறவரை மறியல்சாலைக்கு அனுப்பவோ போறியள்? என்ரை பிள்ளை தகப்பன் இல்லாமல் பிறக்கிறதோ?"

"விஜிதாவின்ரை பிள்ளைக்கும் தகப்பன் இல்லை."

"அப்ப அந்தப் பிள்ளையோடையே போய் இருங்கோ. இஞ்சை வராதேங்கோ."

மறுநாள் அந்தியேட்டிக்கு அவர் போகவில்லை. தங்கேஸ்வரி மட்டும் போய்வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள்தான் கிழிபட்டாள். "இஞ்சருங்கோ, நீங்கள் செய்தது சரி," என்று ஒரு தரம் சொன்னாள். "ஆனால் எனக்கு என்ரை பிள்ளையும் வேணும்." 

பூபாலசிங்கம் ஒரு வக்கீலைப் பிடித்து, கையெழுத்திட்ட சாட்சியத்தை மாற்றினார். விசாரித்த அதிகாரி பழைய கடதாசியை எடுத்து முன்னால் வைத்தார். முதலில் பொய் சொன்னதற்காக அவர்மேலும் வழக்கு வரலாம் என்றார். "வரட்டும்," என்றார் பூபாலசிங்கம். கடைசியில் அவர்மேல் வழக்கு வரவில்லை. யூட் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கவனமின்மையால் உயிர் போக்கியதாகத் தீர்ப்பாயிற்று. சிறைத்தண்டனை எழுதி, நிறுத்தி வைத்தார்கள். துவக்கும் அனுமதியும் போயின. அவனாக ஒருநாள் விஜிதாவின் வாசலுக்கு வந்து முழங்காலில் விழுந்தான் என்று தங்கேஸ்வரி சொன்னாள். விஜிதா கதவைத் திறந்தாளா என்று சொல்லவில்லை.

மாசியில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தங்கேஸ்வரி மட்டும் போனாள். போனில் எடுத்துவந்த படத்தைப் பூபாலசிங்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நெற்றி பத்மநாதனுடையது போல இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். சித்திரையில் மகளின் குடும்பம் ஜெனோவாவுக்குப் போயிற்று. யூட்டுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது.

படியில் ஏறி இறங்கும்போது விஜிதாவைக் காண்பார். அவள் ஒதுங்கி நிற்பாள். அவரும் ஒதுங்கி நிற்பார். சனம் இப்போது கதையை மாற்றிக் கதைத்தது. சுவாம்பிள்ளை நேரே வந்து விஜிதாவிடம் மன்னிப்புக் கேட்டாராம். மகள் பள்ளிக்கூடத்தில், "என்ரை அப்பா குளிருக்குள்ளை ஒருத்தருக்குத் தேத்தண்ணி கொண்டு போனவர்" என்று இத்தாலிய மொழியில் எழுதியதாகத் தங்கேஸ்வரி சொல்லக் கேள்விப்பட்டார்.

வைகாசி முடியும் தறுவாயில் ஒரு காலை விஜிதா கதவைத் தட்டினாள். அவளுடைய பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் வதிவதற்கான அனுமதி, றமேஸின் பெயரோடு சேர்ந்தது. இப்போது தனியாக மாற்ற வேண்டும். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அவளுக்கு இத்தாலி மொழி கதைக்கத் துணை வேண்டும். வேறு யாருக்கும் அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

"வாறீங்களோ?" என்றாள், அவருடைய முகத்தைப் பார்க்காமல்.

அவர் வாளியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டை மாற்றினார். தெருவில் அவள் நான்கு அடி முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். குவெஸ்தூரா வாசலில் வரிசை மூலை திரும்பி நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடதாசிக் கட்டை அவள் அவரிடம் தந்தாள். மேலே இருந்தது றமேஸின் மரணச் சான்றிதழ். அவர் அதை மற்றக் கடதாசிகளுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.