ஏரம்பமூர்த்தி பிடித்த விரதம்

ஏரம்பமூர்த்திக்குப் பொய் வராது என்பது ஊரறிந்த விஷயம். அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், லீவு எடுப்பதற்குக்கூட ஒரு காய்ச்சலைச் சோடிக்கத் தெரியாமல், "சும்மாதான், வரச் சோம்பலாய், பஞ்சியாய்க் கிடந்தது" என்று மேலதிகாரிக்கு முகத்துக்கு நேரே சொல்லி ஏச்சு வாங்கிய மனிதர். ஒக்லண்டுக்கு வந்து ஐந்து வருஷமாகியிருந்தது. மவுண்ட் வெல்லிங்டனில் அட்டைப் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார். அங்கேயும் அவருக்கு அதே பெயர்தான். அப்படிப்பட்ட ஆள் எண்பத்து நான்காம் ஆண்டு, நாற்பத்து நாலாவது வயதில், பொய் சொல்லத் தொடங்கினார். தொடங்கிய பிறகு தன்னுடைய கெட்டித்தனத்தைப் பார்த்து அவருக்கே பயம் பிடித்துவிட்டது.

அவருடைய மனைவி யோகராணி. பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில் இருந்த அவளுடைய ஒரே தம்பியை முந்திய வருஷம் யூலைக் கலவரத்தில் கொன்றுபோட்டார்கள். செய்தி வந்த அன்று அழுதாள். அதற்குப் பிறகு அழவுமில்லை, தலை வாரி இழுக்கவுமில்லை, பசிக்கிறதென்று சொல்லவுமில்லை. த்ரீ கிங்ஸில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். நவம்பரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் வைத்திருந்தார்கள்.

பெப்ரவரி பதினேழாம் திகதி, வெள்ளிக்கிழமை, அவளை வீட்டுக்கு விடுவதாக முடிவாயிற்று. அதற்கு முந்திய புதன்கிழமை தபால் பெட்டிக்குள் ஒரு நீலக் கடிதம் கிடந்தது. சுழிபுரத்திலிருந்து யோகராணியின் பெரியம்மா மகன் ஆனந்தராசா எழுதியிருந்தான். யோகராணியின் தாய் அன்னபாக்கியம் தை, அதாவது ஜனவரி, இருபத்தாறாம் திகதி விடியற்புறம் நெஞ்சு நோகிறதென்று சொன்னாராம், வாகனம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மகன் இல்லாதபடியால் தானே கொள்ளி வைத்ததாகவும், தங்கச்சிக்குப் பக்குவமாகச் சொல்லும்படியும் எழுதியிருந்தான். மூர்த்தி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அதை இரண்டு தரம் வாசித்தார்.

வெள்ளிக்கிழமை டொக்டர் கொஞ்சம் குளிசை கொடுத்தார். மற்ற மருந்தையெல்லாம் வாயால் சொன்னார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும், வாசிக்க ஒரு புத்தகம் வேண்டும், சனி ஞாயிறில் வெளியே எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். மனதில் பாரம் ஏற்ற வேண்டாம் என்றார். எதையும் மறைக்கும்படி அவர் சொல்லவில்லை. பாரம் ஏற்றாதே என்பதை மறைத்து வை என்று விளங்கிக்கொண்டது மூர்த்தியின் சொந்த வேலை. வருகிற குளிர்காலமும் போகட்டும், ஆள் கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். கடிதம் தொழிற்சாலை லொக்கருக்குள் போயிற்று.

அடுத்த வாரம் சனிக்கிழமை அவளை மிஷன் பேக்குக் கூட்டிப்போனார். கடற்கரைப் புல்லில் இருந்து, கடதாசியில் சுற்றிய மீன் பொரியலும் சிப்ஸும் சாப்பிட்டார்கள். யோகராணி விரலில் ஒட்டிய உப்பை நக்கிக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்றாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வராத சொல். மூர்த்தியால் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்குச் சுழிபுரத்தில் அன்னபாக்கியத்துக்கு முப்பத்தொன்று, முப்பத்தோராம் நாள் கிரியை. சாவுத் துடக்குள்ள மகள் மீன் மச்சம் தின்கிறாள், வாங்கிக் கொடுத்தவன் பக்கத்தில் குந்திக்கொண்டு சிப்ஸ் பொறுக்குகிறான்.

மார்ச் பிறந்தது. ஒக்லண்டில் மழைக்கும் காற்றுக்கும் கொஞ்சம் வெட்கம் வருகிற மாதம் அது ஒன்றுதான். காலையில் ஒரு சுவெட்டர் போட வேண்டும், பத்து மணிக்கு அதைக் கழற்ற வேண்டும். பின்வளவில் பீஜோவாப் பழங்கள் விழத் தொடங்கின. பச்சைத் தோல், கொய்யாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஒரு வாசம். பறிக்க வேண்டியதில்லை, குனிந்து பொறுக்கினால் போதும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழக்கியிருந்த கேக் வேலையை யோகராணி வீட்டிலும் தொடங்கினாள். முதல் கேக் மேலே கரி, உள்ளே களி. அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூர்த்தி ஒரு துண்டும் மிச்சம் விடாமல் அதைத் தின்று முடித்தார், இரண்டு நாள் வயிற்றாலும் அனுபவித்தார். மூன்றாவது கேக்கை அயல்வீட்டு வெள்ளைக்காரி செய்முறை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வருத்தத்தில் கிடந்தபோது யோகராணியால் நாலு வரி வாசிக்க முடியாது. எழுத்தெல்லாம் ஓடுகிறது என்பாள். இப்போது லைபிரரியிலிருந்து தடித்த துப்பறியும் கதைகளாகப் பார்த்து எடுத்து வந்தாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, புத்தகத்துக்குள் அடையாளம் வைத்த பக்கத்தை மூர்த்தி திறந்து பார்ப்பார். நேற்று நாற்பத்திரண்டு, இன்று தொண்ணூறு. அவருக்கு அதுதான் காய்ச்சல் பார்க்கிற கோல். சனிக்கிழமைகளில் பழைய கொர்டினாக் காரைத் துடைத்துக்கொண்டு கோர்ன்வோல் பார்க், முரிவாய், டிட்டிராங்கி என்று போனார்கள். கொலையைச் செய்தது யார் என்பதைக் காரிலேயே சொல்லி, அவர் வாசிப்பதற்கு முந்தியே கதையைக் கெடுப்பாள்.

உண்மையைச் சொன்னால், மூர்த்தி தன் ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான். பின்னேரம் வேலை முடிந்து வந்து, கதவைத் திறக்கும்போது கேக் வாசம் வந்தால், இந்த வீட்டில் ஒரு சாவு நடந்ததே இல்லை என்று ஒரு நிமிஷம் அவரே நம்பிவிடுவார்.

பொய் அந்த அளவில் நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் யோகராணி தாய்க்குக் கடிதம் எழுதினாள். கேக்குக்கு எத்தனை முட்டை போட்டாள் என்பதிலிருந்து எல்லாம் எழுதினாள். அன்னபாக்கியத்துக்குக் கண் தெரியாது, பதில் எழுதுவது எப்போதும் ஆனந்தராசாதான். பதில் வரவில்லையே என்று அவள் மெல்ல மெல்ல யோசிக்கத் தொடங்கியபோது, மூர்த்தி தொழிற்சாலையிலிருந்து ஆனந்தராசாவுக்கு எழுதினார். அவனுடைய சின்னம்மா அன்னபாக்கியமே சொல்லி எழுதுகிற மாதிரி ஒன்று எழுதி அனுப்பச் சொன்னார். வந்தது. "எனக்கு ஒரு குறையுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று இருந்தது. யோகராணி அதை மூன்று தரம் வாசித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் திரிந்தாள். பிறகு தொழிற்சாலை விலாசத்துக்கு இன்னொன்று வந்தது. "மச்சான், இனி இந்த வேலையை என்னைக் கொண்டு செய்விக்காதேங்கோ. செத்த மனிசி சொல்லுறமாதிரி எழுத என்ரை கை ஏவுதில்லை." மூர்த்தி அதையும் லொக்கருக்குள் வைத்துப் பூட்டினார்.

ஏப்ரல் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, கிளென் ஈடனிலிருந்து செல்வநாயகி அக்கா போன் எடுத்தார். இங்கே அப்போது கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. ஊரிலிருந்து தபாலில் வருகிற பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, இன்ன விரதம் இன்ன நாள் என்று எல்லாத் தமிழ் வீட்டுக்கும் அறிவிக்கிற பொறுப்பை அவர் தானாகவே எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சித்திராப் பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் அன்றைக்கு விரதம் பிடிப்பார்கள். தாய் இருக்கிறவர்கள் மறந்தும் பிடிக்கமாட்டார்கள், அப்படிப் பிடித்தால் உயிரோடு இருக்கிற தாயைச் செத்தவள் என்று சொன்ன மாதிரி.

"எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் இல்லை, அக்கா" என்று யோகராணி போனில் சொன்னது குசினிக்குள் கேட்டது. "இவரின்ரை அம்மாவும் இருக்கிறா, என்ரை அம்மாவும் இருக்கிறா. கடவுள் புண்ணியம்."

மூர்த்தி துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றைத்தான் மீன் பொரியலோடு கழித்தாயிற்று. இந்த நாளும் ஒருவரும் ஒன்றும் செய்யாமல் போனால் அந்த மனுஷிக்கு யார்தான் இருக்கிறார்கள்? முதல் வருஷம் பிடிக்கலாமா, ஆண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசம் முடிந்த பிறகுதானா, மருமகன் பிடித்தால் சேருமா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. செல்வநாயகி அக்காவிடம் கேட்க முடியாது. கேட்டால் கதை வெளியே வந்துவிடும். பேசாமல் பட்டினி கிடப்பது, அவ்வளவுதான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தீர்மானித்தார்.

ஞாயிறு காலை, வயிறு சரியில்லை என்று தேநீரைக்கூட வேண்டாமென்றார். ஒராட்டியாவில், வருகிறவர்களே பறித்துக்கொள்ளலாம் என்று விடுகிற ஒரு அப்பிள் தோட்டம் இருந்தது. கிளென் ஈடனிலிருந்து பத்து நிமிஷம் என்றபடியால் செல்வநாயகி அக்காவும் புருஷன் சபாரத்தினமும் வந்திருந்தார்கள். நல்ல வெயில். யோகராணி வரிசை வரிசையாக நடந்து ஒரு பெட்டி நிரப்பினாள். முகம் சிவந்திருந்தது. மரத்துக்குக் கீழே பாயை விரித்து, டின் மீன் கட்லட்டையும் பீஜோவாக் கேக்கையும் எடுத்து வைத்து, நல்ல பசியோடு முதலில் தானே இரண்டு கட்லட் சாப்பிட்டாள். சபாரத்தினம் ஒரு கட்லட்டோடு மரங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

"அக்கா, நீங்கள் தேத்தண்ணியாவது குடியுங்கோவன்" என்று யோகராணி பிளாஸ்கைத் திறந்தாள்.

"ஐயோ பிள்ளை, நாக்கிலை பட்டாலே விரதம் போச்சு. வீட்டை போய்ச் சமைச்சுப் படைச்சுப் போட்டுத்தான் எல்லாம்."

யோகராணி கேக்கில் நல்ல துண்டாக ஒன்றை வெட்டி மூர்த்தியிடம் நீட்டினாள். "இஞ்சாருங்கோ, காலமையும் ஒண்டும் இல்லை. இதையாவது சாப்பிடுங்கோ."

"எனக்கு வேண்டாம், ராணி. நீர் சாப்பிடும்."

செல்வநாயகி அக்கா சிரித்தார். "என்ன தம்பி, நீரும் என்னோடை சேர்ந்து விரதமோ?"

"விளையாட்டுக்கும் அப்பிடிச் சொல்லாதேங்கோ, அக்கா" என்று யோகராணி பதறினாள். "மாமி, இவரின்ரை அம்மா, கல்லுப்போலை இருக்கிறா. போன கிழமையும் கடிதம் வந்தது." பிறகு கேக்கை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டு வந்தாள். "ஒரு வாய் வையுங்கோ. இண்டைக்குப் போய்ப் பட்டினி கிடந்தா மாமிக்குக் கூடாது."

ஒரு வாய்தான். அதை விழுங்கினால் எல்லாம் இருந்தபடி இருக்கும். நாளைக்கும் கேக் வாசம் வரும், புத்தகத்தில் பக்கம் ஏறும், வருகிற சனிக்கிழமையும் கார் புறப்படும். மூர்த்தி வாயைத் திறந்தார். இரண்டு மாதம் வாய் கூசாமல் பொய் சொன்னவருக்கு அந்தத் துண்டை வாய்க்குள் வைக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது.

யோகராணியின் கை அப்படியே நின்றது. தன் தாய்க்கு ஆகாது என்று சொல்லியும் சாப்பிடாத மனிதர். தாய் என்றால் உயிரை விடுகிற மனிதர். அப்படியானவர் சும்மா பட்டினி கிடக்கமாட்டார்.

"ஆருக்கு?" என்றாள்.

அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்தார்.

"எப்ப?"

"தை இருபத்தாறு."

"அப்ப அம்மாவின்ரை கடிதம்?"

"ஆனந்தராசா எழுதினது. நான்தான் எழுதச் சொன்னனான்."

செல்வநாயகி அக்கா, "ஐயோ முருகா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மூர்த்தி பயத்தோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை, சுவரைப் பார்க்கிற பார்வை, வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அவள் தெளிவாகத்தான் இருந்தாள். மனதுக்குள் ஒவ்வொரு சனிக்கிழமையாகப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது.

"நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றாள்.

"டொக்டர் சொன்னவர், ராணி. உமக்குத் திரும்பவும் வந்திடும் எண்டு பயந்தனான்."

"வந்திருக்கட்டுமே. அம்மாவுக்கு அழுகிறதுக்கெண்டு மிஞ்சினது நான் ஒருத்தி. படுத்துக் கிடந்தாவது அழுதிருப்பன். என்னைச் சுகப்படுத்தி, அந்தக் கிழவியை ஒருத்தரும் அழாமல் அனுப்பிப் போட்டியள்."

அவள் கேக்கைப் பாயில் வைத்தாள். போத்தல் தண்ணீரைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி வாயைக் கொப்பளித்துப் புல்லில் துப்பினாள். இன்னொரு தரமும் கொப்பளித்தாள். விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு செல்வநாயகி அக்காவின் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அக்கா, சாப்பிட்ட ஆக்கள் இனி விரதம் பிடிக்கலாமோ?"

செல்வநாயகி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூர்த்தியை ஒரு தரம் பார்த்தார். "பிடிக்கலாம் ராசாத்தி, ஏன் பிடிக்கேலாது?" என்றார். "அதுக்கொரு குற்றமும் இல்லை."

யோகராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் இவரைப்போலை தொடங்கிட்டியளோ, அக்கா?" என்று கேட்டாள்.