பச்சை வட்டம்

பாரிசுக்கு வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் நிலக்கீழ் ரயிலில் ஒருநாளும் தொலைந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள் நான்; அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவன். என்னையே தொலைய விடாமல் அங்கே தொங்கும் வழிகாட்டிப் பலகைகள் கூட்டிக்கொண்டு போயின. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கினால் வெளியே போகும் வழி நீலத்தில். சார்செல்லில் இருக்கும் வீட்டுக்குப் போகிற ரயிலுக்குப் பச்சை வட்டம், அதற்குள் ஓர் எழுத்து. சுரங்கப் பாதை எங்கே பிரிகிறதோ, மனம் எங்கே பதறுகிறதோ, சரியாக அந்த இடத்தில் பச்சை வட்டம் மறுபடி தொங்கும். யாரோ எனக்கு முன்னால் நடந்து பார்த்து, நான் எங்கே பயப்படுவேன் என்று தெரிந்து மாட்டியது போல.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். வழிகாட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பலகைகளிலிருந்துதான். வதிவிட அட்டை புதுப்பிக்கும் வேலையை இணையத்தளத்துக்கு மாற்றியபோது அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

அட்டை இல்லாவிட்டால் வேலை இல்லை. அப்போது ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் சலாது, இனிப்பு இரண்டும் என் பக்கம். என் சம்பளத்தில்தான் வாடகை போனது. ஆகவே எங்கள் ஆட்களில் பலர் செய்வதையே நானும் செய்தேன். லா சப்பலில் விமான ரிக்கற், போட்டோக்கொப்பி, ஊருக்குப் பார்சல் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரரிடம் போனேன்.

"ஈமெயில் இருக்கோ?" என்றார் அவர்.

"இல்லை அண்ணை."

"அப்ப நான் ஒண்டு திறந்து விடுறன், என்ரை போனுக்குள்ளை கிடக்கட்டும். இஞ்சை முக்கால்வாசிப் பேரின்ரை அதுக்குள்ளைதான். நாளைக்கு எனக்கு நெஞ்சு வலிச்சா லா சப்பல் முழுக்க ஊருக்குப் போக வேண்டியதுதான்."

நானும் சிரித்தேன். எனக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. வந்த காலத்தில் எங்களுக்குச் சொந்த விலாசமே கிடையாது. அறை வைத்திருந்த ஒருவரின் தபால் பெட்டியில்தான் எல்லோருடைய பெயரும் ஒட்டியிருக்கும். கடிதம் வந்தால் அவர் தேடி வந்து சொல்வார். பெட்டி நிறைந்தால் கண்ணுக்குத் தெரியும். போனுக்குள் நிறைவது யார் கண்ணுக்கும் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

கடைக்காரர் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, என் போனிலும் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினார். என் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் வட்டம். "இது பச்சையாகும் மட்டும் பாத்துக்கொண்டிரு. பச்சை வந்தாச் சரி."

காலை ரயிலில் ஏறியவுடன் பார்ப்பேன். சமையலறையில் கை துடைத்துவிட்டுப் பார்ப்பேன். ஒருநாள் வட்டம் பச்சையாகி, நடுவில் சரிக்குறியும் விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்த சொல்லை நான் வாசிக்கவில்லை. சமையலறையில் ஓடர் காட்டும் திரையிலும் முடிந்த சாப்பாடு பச்சையாகும். வீட்டுக்குப் போகிற ரயிலும் பச்சை. இதற்கு மேல் என்ன வாசிக்க இருக்கிறது?

அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகும் மனைவியிடம் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப இனி அடுப்பைப் பாக்கத் திரும்பி ஓடி வரமாட்டியள்," என்றாள்.

உண்மையாகவே சில கிழமைகள் நான் ஓடவில்லை.

பழைய அட்டையின் திகதி முடியப் போகும் நேரத்தில் உணவகத்தின் கணக்காளர் அம்மா புதிய அட்டையைக் கேட்டார். போனைக் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கி வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். அட்டை கொடுக்காமலே விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள் என்றார். பிறகு ஏன் பச்சை என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு வேலை முடிந்துவிட்டதாம், அதுதான் பச்சை. எனக்காகப் போட்ட நிறம் இல்லை அது.

திரையின் மூலையில் மூன்று சின்னக் கோடுகள் இருந்தன. அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதை அமத்த, நான் ஒருநாளும் பார்க்காத பக்கம் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் கிடந்தது செய்தி: வீட்டு விலாசத்துக்குப் புதிய அத்தாட்சி வேண்டும். கொடுத்த தவணை எப்போதோ முடிந்துவிட்டது.

லா சப்பலுக்கு ஓடினேன். கடைக்காரர் போனைத் தள்ளித் தள்ளித் தேடினார்.

"வந்துதான் கிடக்கு தம்பி. விளம்பரங்களுக்கு நடுவிலை விழுந்திட்டுது."

"பச்சை வந்தாச் சரி எண்டனீங்கள்."

"இவ்வளவு நாளும் எல்லாருக்கும் பச்சை வர, அட்டையும் வந்ததடா!" அவர் முகத்தைத் துடைத்தார். "உன்னைப் போலப் பாக்கிறவன் ஒருத்தனும் இல்லை. உனக்கே இப்பிடியெண்டா..."

நான் வெளியே வரும்போது அவர் மற்றவர்களின் ஈமெயில் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்.

அட்டை கொடுக்கும் அலுவலக வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த, போனைப் பிடித்தால் தளத்தைத் திறக்கிற கறுப்புப் புள்ளிச் சதுரத்தைக் காட்டி "இன்ரநெற், மெஸ்யூ" என்றான். தளத்தில் உதவி என்ற இடத்தை அமத்தினால் காதில் கருவி மாட்டிச் சிரிக்கும் பெண்ணின் படம். அவளைத் தொட்டால் கேள்விகள். ஒரு கேள்வியைத் தொட்டால், உங்கள் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள் என்ற பதில். அங்கே போனால் அதே பச்சை வட்டம். சுரங்கப் பாதையில் இப்படிப் பலகை மாட்டியிருந்தால் சனம் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்திருக்கும்.

அட்டையின் திகதி முடிந்த அன்று முதலாளி என் தோளில் கை வைத்து, புது அட்டையோடு வா என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் என் இடத்தில் நிற்க வந்தவருக்குக் கத்தி எங்கே, முட்டை எங்கே என்று என்னையே காட்டச் சொன்னார். காட்டினேன்.

புது விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஈமெயில் என் பெயரில், என் போனில். அட்டைக்கு முதலாளி காத்திருக்கவில்லை. அந்த இடத்தை வந்தவருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டதாகக் கணக்காளர் அம்மா போனில் சொன்னார். மனைவி இப்போது இன்னொரு கட்டிடமும் சேர்த்துத் துடைக்கிறாள். இன்று காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னப்பா, என்ன நிறம்?"

"சாம்பல்."

"போன முறை இது வரேல்லையே. நல்லதோ?"

"தெரியேல்லை."

"பக்கத்திலை என்ன எழுதிக் கிடக்கு?"

"ஒண்டும் எழுதேல்லை."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் மூன்று கோடுகளையும் அமத்தினேன். பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள்ளும் ஒன்றும் இல்லை.