வெள்ளைத் தட்டும் என் வெள்ளைச் சட்டையும்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று நமுனுகுல மலையடிவாரத்தில் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம். ஒவ்வொரு செடியும் என் கையால் நட்டது. தேயிலையில் வரும் கொப்புள நோயை என்னைப் போல ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இந்தப் பக்கத்தில் ஆளில்லை. தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன்தான், ஆனால் வீட்டைவிட்டு இறங்கினால் வெள்ளைச் சட்டைதான்.

கண்ணுக்குத் தெரியாத நிறங்களையும் பிரித்தறியும் கேமராவோடு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வந்தார். நோயுள்ள இலை எது என்று ஒருவர் நூல் கட்டிக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் கேமரா பழகுமாம். தோட்டம் என்னுடையது. ஆனால் அவர் கூப்பிட்டது என் மச்சானை. மச்சான் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை, ஆங்கிலத்தில் படிவம் நிரப்புவார். எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் அந்தப் பெண் கேமராவை மூடியால் மூடி இருட்டைப் படமெடுத்தார். பிறகு செடியருகே ஒரு வெள்ளைத் தட்டை வைத்தார். வெள்ளை எது என்று காட்டினால்தான் மற்ற நிறங்களைச் சரியாக அளக்குமாம். நானும் நெருங்கிப் போய் நின்றேன்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. உங்கட சட்டை வெளிச்சம் தட்டில படுது."

மச்சான் போட்டிருந்தது பழைய கறுப்புக் கோட்டு. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மச்சான், ரொம்பப் பளிச்சுனு இருக்கீங்க. மெஷினுக்கே கண்ணு கூசுது" என்று என்னைக் கிண்டல் செய்தார்.

பாதையோரம் போய் நின்று பார்த்தேன். மச்சான் சிவப்பு நூலைக் கட்டியது வெயிலில் கருகிய இலையில். அதற்குக் கீழே உண்மையான நோய் இலை சும்மா இருந்தது. பொறுக்க முடியவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா இடுப்பில் கட்டியிருந்த கறுப்புப் படங்குத் துணியை வாங்கி, வெள்ளைச் சட்டை தெரியாமல் கழுத்திலிருந்து சுற்றிக்கொண்டு போனேன். அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார்.

இலையை வானத்துக்கு நேரே பிடித்தேன். புள்ளி வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"இதுதாங்க நோய். அது வெயில்ல காஞ்சது."

மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அந்தப் பெண் என்னிடம் நீல நூலைத் தந்து, இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டச் சொன்னார். பிறகு மூடி, தட்டு, எல்லாம் முதலிலிருந்து.

எனக்கு அதுவும் போதவில்லை. மச்சானின் சிவப்பு நூல் இன்னும் செடியில்தானே இருந்தது. மறுநாள் அந்தப் பெண்ணும் மச்சானும் மறுபடி படமெடுக்க வருமுன் பதுளை டவுனுக்குப் போய்ப் புதுச் சட்டை ஒன்று எடுத்தேன். மச்சானின் கோட்டைவிடக் கறுப்பு.